முள் ஏறாத வண்டிகள்

கடைசியாக எப்போது வாடகைக்குக் கார் எடுத்தீர்கள்? அதைத் திருப்பி விட்டபோது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் பஞ்சநாதன் செருப்பைக் கழற்றி முடித்துவிடுவார்.

வலது செருப்பு, இடது செருப்பு. இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறி, பின்னால் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைக்கிறார். வெறுங்காலில் ஓட்டினால்தான் ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியுமாம். பிறகு சாவியைச் செருகி ஒரு திருகு. எஞ்சின் கிளம்பாது, டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் எரியும். கண்ணாடிக்குள் பெட்ரோல் முள் அசையும்.

"ஏறு. ஏறும்மா" என்கிறார், அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் போல. முள் ஒரு நூல் அளவு எழும்பி, சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு பளிச்சிடுகிறது.

"பாத்தீங்களா, படுத்துக்கிச்சு. சரி கெட. ஒன்னிய நான் கொண்டு போயி சேக்குறேன்."

பஞ்சநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு கம்பெனி பதினான்கு கார்களை வாடகைக்கு விடுகிறது. டிரைவர் கிடையாது, எடுக்கிறவர்களே ஓட்டிக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறு கடல் பார்க்க வருகிற சென்னை, பெங்களூரு ஆட்கள்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். ஊர் சுற்றி முடித்ததும் தங்கிய விடுதி வாசலிலேயே வண்டியை விட்டுவிட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அந்த வண்டியைப் போய் எடுத்துவருகிறவர் பஞ்சநாதன். கம்பெனியில் அவருடைய பதவிக்குப் பெயர் 'பிக்கப்'. ஏழு வருடமாகப் பிக்கப்.

கம்பெனியின் வழக்கம் இது: ரிசர்வ் விளக்கு எரிகிற நிலையில்தான் வண்டியைக் கொடுப்பார்கள். பக்கத்து பங்க் வரை போகத்தான் அதில் பெட்ரோல் இருக்கும். எடுத்தவர் வேண்டிய அளவுக்குப் போட்டுக்கொள்ளலாம். திருப்பி விடும்போது மிச்சம் இருந்தால் அதற்குக் காசு திரும்பாது. அப்புறம் யார் மிச்சம் விடுவார்கள்? என் காசு, என் பெட்ரோல், எதற்கு விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கில் ஒரு மனிதன் விடுபட்டுப்போகிறான், அவ்வளவுதான். கார் தானாகத் தட்டாஞ்சாவடிக்குத் திரும்பிப் போவதில்லையே.

"என் ஆயுசுல புல் டேங்க்கு வண்டி ஓட்டினதே இல்ல சார்" என்றார் பஞ்சநாதன். "போறவங்க பெட்ரோலோட போவாங்க. நான் ஆவியில வருவேன்."

வழியில் ஒரு பங்கில் நிறுத்தி நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போடக் கூடாது. எப்போதோ எவனோ ஒரு பிக்கப் ஆள் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்றானாம். அன்றிலிருந்து பிக்கப் ஆட்கள் டேங்க் மூடியைத் தொடவே கூடாது என்று சட்டம். எடுக்கவும் கூடாது, போடவும் கூடாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். எங்கே நிற்கிறது, டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஆபீஸ் திரையில் தெரியும். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றால் போன் செய்ய வேண்டும், பைக்கில் ஒருவன் கேனோடு வருவான், பஞ்சநாதன் பெயருக்கு எதிரே 'நிறுத்தம்' என்று ஒன்று ஏறும். எவனோ ஒருவன் திருடியதற்கு எல்லோர் கையையும் கட்டிப்போடுவதற்குப் பெயர் நிர்வாகம்.

அதே கம்பெனி வாசலில் பதினான்கு எலுமிச்சம்பழம் பச்சை மிளகாயோடு தொங்குகிறது, வண்டிக்கு ஒன்று. அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் கரைத்து ஊற்றுகிறார்கள், வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது என்று. டேங்கில் பெட்ரோல் இல்லாமல் நிற்கிற வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிற மூளையை என்ன சொல்ல? ஒரு பூசணிக்காய் விலைக்கு ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் எந்தக் கண்ணும் படாது. அந்த எரிபொருள் பம்ப் இருக்கிறதே, அது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால்தான் சூடாகாமல் இருக்கும். வறண்ட டேங்கில் ஓடினால் கருகும். இரண்டு வண்டியில் பம்ப் கருகியது. மெக்கானிக் காரணத்தைச் சொன்னான். முதலாளி கேட்டுக்கொண்டு, பஞ்சநாதனைப் பார்த்து, "உன் கைராசி சரியில்லய்யா" என்றார்.

அந்தக் கையைப் பாருங்கள். ஸ்டியரிங்கின் மேல் அது பாரமே இல்லாமல் கிடக்கிறது. கண்ணாடிகளை இறக்கிவிடுகிறார், ஏசியைத் தொடுவதில்லை. ரேடியோவும் கிடையாது. மெல்லக் கிளப்பி, சீக்கிரமே மேல் கியருக்குப் போய், ஒரே சீராக உருட்டுகிறார். அரை கிலோமீட்டர் தூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்துவிட்டால் காலை எடுத்துவிடுவார்; வண்டி தானாகத் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்திருக்கும். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு ஜன்னல் வழியே கையை நீட்டி, "போங்க ராஜா, போங்க, ஒங்களுக்குப் பெட்ரோல் இருக்குது" என்று வழிவிடுவார்.

பதினான்கு வண்டியின் குணமும் அவருக்குத் தெரியும். "நாலாம் நம்பரு சூது தெரியாதது. லைட்டு எரிஞ்சா முப்பது ஓடும். ஏழு பயந்தாங்கொள்ளி, பெட்ரோல் இருக்கும்போதே கத்தும். ஒம்போது இருக்குதே, அது பொய் சொல்லும் சார். பத்து கிலோமீட்டர் இருக்குன்னு காட்டும், மேடு ஏறினா இருக்கறது பின்னாடி சாஞ்சிடும், நின்னுபூடும்."

ஒருநாள் அவரோடு பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்குப் போனேன். போவது டவுன் பஸ்ஸில், பிறகு முக்கால் மைல் நடை. வண்டியை விடும் நேரம் பதினொன்று. பத்தரைக்குப் போய் நின்றோம். வண்டி வாசலில் நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு குடும்பம், ஏசி போட்டுக்கொண்டு, பெட்டிகள் இறங்கி வரட்டும் என்று காத்திருக்கிறது. பஞ்சநாதன் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"சார், வண்டிய ஆப் பண்ணிடலாங்களா?"

"ஏன், இன்னும் அரை மணி இருக்கில்ல?"

"இருக்குது சார்."

"பெட்ரோல் நாங்க போட்டதுதானே?"

"ஆமாங்க சார், ஒங்க பெட்ரோல்தான்."

"அப்புறம் என்ன?"

பஞ்சநாதன் பின் இருக்கையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார். பாப்பா நல்லா தூங்குது" என்றார்.

அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். வண்டியின் அடியிலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை எண்ணுகிறவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொறுக்க முடியாமல் ஏதோ சொல்லப் போனேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க சார். போறப்ப டேங்க் மூடியத் தொறந்து மோந்துட்டுப் போவாரு பாருங்க, அந்த வாசனையும் அவரு போட்டதுதான்."

அவர்கள் போன பிறகு வண்டிக்குள் உட்கார்ந்தோம். இந்த நேரம்தான் பஞ்சநாதனின் நாளில் மிக வினோதமான நேரம். உடனே கிளப்ப மாட்டார். இருக்கையில் கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் சூடு இருக்குது." முன்னால் ஓட்டியவர் உயரமா குட்டையா என்று இருக்கை நகர்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்வார். இடது பக்க இருக்கை முழுக்கச் சாய்ந்து கிடந்தால், "சண்ட போட்டுக்கினு வந்துருக்குதுங்க. அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துடுச்சு" என்பார். பிஸ்கட் தூள், கடல் மணல், காதில் போடுகிற ஒற்றைத் தோடு, குழந்தையின் ஒரு காலுறை. கிடைத்ததை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொள்வார். ஊருக்குள் இருக்கிறவர்கள் விட்டுப்போன பொருள் என்றால் தன் பஸ் காசில் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

"நாலு பேரு சிரிச்சிக்கினு போன வண்டிய நான் ஒருத்தன் தனியா திருப்பிக் கொண்டாறேன். தெனம் இதேதான் சார். போற வண்டில ஒருநாளும் ஒக்காந்ததில்ல, எல்லாம் திரும்பற வண்டிதான்."

எனக்கும் அப்படி விட்டுப்போன பொருளால்தான் அவர் பழக்கமானார். ஜனவரி மாதம், திண்டிவனத்தில் ஒரு தொழிலாளர் கூட்டம். பேச்சாளர்களை அழைத்துப் போக அந்தக் கம்பெனியில்தான் கார் எடுத்தேன். வண்டியை விட்ட மறுநாள் காலையில் முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் மஞ்சள் பையோடு நின்றார். என் மூக்குக் கண்ணாடி, கூட்டத்துக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்பு, இரண்டும் பையில் இருந்தன. "படிச்சிப் பாத்தேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். நான் அகமகிழ்ந்துபோய்த் தேநீர் கொடுத்தேன். அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் அவரோடு போய்வரத் தொடங்கினேன்.

பிப்ரவரி முழுக்க அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார். மனைவி ஜெயசித்ரா வரப்போகிறார். மகள் மேனகாவைக் கட்டிக்கொடுத்த கையோடு மஸ்கட்டில் ஒரு வீட்டு வேலைக்குப் போனவர். மூன்று வருடம் ஆகிறது. ஏப்ரல் முதல் வாரம் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார், நாற்பது நாள் விடுமுறை.

"நாப்பது நாளு கெடக்கட்டும் சார். எனக்கு அந்த நாலு மணி நேரந்தான்" என்றார்.

முதலில் புரியவில்லை. அவர் வீடு வாணரப்பேட்டையில், அண்ணன் குடும்பத்தோடு ஒரே கூடம், ஒரே அறை. ஆக எட்டுப் பேர். ஜெயசித்ரா வந்து இறங்கினால் அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், பெட்டியைப் பிரிப்பார்கள், ஆளுக்கொரு சோப்பும் சென்ட்டும் கேட்பார்கள். மேனகா வந்து தங்குவாள். பெண்கள் அறையில் படுப்பார்கள், ஆண்கள் கூடத்தில். கணவனும் மனைவியும் தனியாக இரண்டு வார்த்தை பேச அந்த வீட்டில் இடம் இல்லை. போனில்? வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம். அதிலும் அண்ணன் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்ளும்.

"ஏர்போர்ட்லேர்ந்து கார்ல கூட்டியாந்தா, அதுவும் நானும் மட்டும். மகாபலிபுரத்தாண்ட நிறுத்தி ஒரு டீ. அதுக்கு ஏசி போடணும் சார், அந்த ஊர்ல ஏசிலயே இருந்துட்டு வருது, நம்ம வெயிலு தாங்காது. இன்னா நடந்துச்சு, இன்னா சாப்ட்ட, அந்த வூட்டுக்காரங்க அடிச்சாங்களா, ஒண்ணும் தெரியாது சார் எனக்கு. போன்ல கேட்டா நல்லாருக்கேன்னு சொல்லுது. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

கார் எங்கிருந்து வரும்? கம்பெனியிலிருந்துதான். ஆபீஸ் சுவரில் எலுமிச்சம்பழத்துக்குக் கீழே ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: பன்னிரண்டு மாதம் ஒரு 'நிறுத்தம்' கூட இல்லாமல் வண்டி கொண்டுவரும் பணியாளருக்கு, ஒரு நாளைக்கு ஒரு வண்டி இலவசம். பெட்ரோல் அவர் செலவு. ஏழு வருடத்தில் யாரும் அதை வாங்கியதில்லை.

"புல் டேங்க் போடுவேன் சார்" என்றார் பஞ்சநாதன். "வழிய வழிய. முள்ளு மேல போயி முட்டணும்."

"எத்தனை மாசம் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ஓடிக்கினு இருக்குது சார்" என்றார். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

மார்ச் மாதக் கடைசியில் அவரைத் தேடி ஆபீசுக்குப் போனேன். அவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். கவுன்ட்டரில் சிந்துஜா இருந்தாள். பாகூர் பெண், இருபத்து நான்கு வயது, திரையைப் பார்த்தபடியே எல்லோரோடும் பேசுவாள். "என்னம்மா, பஞ்சநாதனுக்கு எந்த வண்டி கொடுக்கப் போறீங்க? நல்ல வண்டியா பாத்துக் கொடுங்க" என்றேன்.

அவள் முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பஞ்சண்ணனுக்கா? அவருக்கு ஏது சார் வண்டி? அதான் பதினோராவது மாசத்துல நின்னுடுச்சே. மறுபடியும் மொதல்லேர்ந்துதான்."

"எப்போ?"

"ஜனவரி இருபத்திரண்டு. ஒன்பதாம் நம்பர், நூறடி ரோடு பாலத்து மேல." கொஞ்சம் தயங்கினாள். "அது ஒங்க புக்கிங்தானே சார்? முதலியார்பேட்டை?"

என்னுடையதுதான்.

பேச்சாளர்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட பிறகு முள் சிவப்புக்கு மேலே கொஞ்சம் இருந்தது. பொதுக்காசில் போட்ட பெட்ரோல், ஏன் வீணாக விட வேண்டும் என்று நினைத்தேன். வீராம்பட்டினம் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போனேன். காற்று நன்றாக இருந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்த பிறகும் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு, அரியாங்குப்பம் கடைத்தெரு வழியாக மெதுவாகத் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தினேன். கணக்குச் சரியாக வந்ததில் ஒரு சின்னப் பெருமைகூட. உழைக்கிறவனைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுகிறது இந்த உலகம் என்று முந்தின நாள் மேடையில் பேசியவன் நான். கைதட்டலும் வாங்கினேன்.

மறுநாள் பஞ்சநாதனைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"சொல்லி?" என்றார். துணியால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒம்போதுன்னு தெரிஞ்சே பாலத்துல ஏத்தினது என் தப்பு. கடலூர் ரோட்டுல ரயில்வே கேட்டு போட்டிருந்தான். நின்னா எஞ்சின் ஓடி தீந்துடும், ஆப் பண்ணினா மறுபடி கெளப்ப பெட்ரோல் இழுக்கும். சரி, பாலத்துல ஒரே மூச்சா ஏறிடலாம்னு பாத்தேன். பாதி மேட்டுல ஒக்காந்துடுச்சு."

"அப்புறம்?"

"கேன் வர முக்கா மணி நேரம் ஆச்சு. பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டிக்கினு போறான். அப்பதான் சீட்டுல ஒங்க பேப்பரு கெடந்துச்சு, படிச்சேன்." துணியை உதறினார். "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க சார், பொய் சொல்லல."

முதலாளியிடம் போனேன். சத்தம் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன், அவர் கணக்கிலிருந்து அந்த நிறுத்தத்தை எடுங்கள் என்றேன். முதலாளி இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். "ரூல்னா ரூல்தான் சார். கஸ்டமர் மேல நாங்க என்னிக்கும் தப்பு சொல்றதில்ல" என்றார். எவ்வளவு மரியாதை பாருங்கள். பெட்ரோலைத் தீர்த்த எனக்கு இளநீர். நடுப்பாலத்தில் வெயிலில் நின்றவருக்கு நிறுத்தம்.

வெளியே வந்தால் பஞ்சநாதன் கோபமாக நின்றிருந்தார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா சார் பண்ணிட்டு வர்றீங்க? நீங்க பேசிட்டு ஊட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு காத்தால எனக்கு சாவி குடுக்கணும் அவரு. குடுப்பாரா?"

அப்படியானால் நானே என் பெயரில் ஒரு வண்டி எடுத்துத் தருகிறேன், அதில் போய் அழைத்து வாருங்கள் என்றேன். கோபம் இறங்கியது, ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம் சார். பாலத்துல நிக்கறதுக்கு முன்னாடியே அதுகிட்ட போன்ல சொல்லிட்டேன், நான் சம்பாரிச்ச வண்டி, கம்பெனியே குடுக்குதுன்னு. இன்னொருத்தர் எடுத்துக் குடுத்த வண்டில ஒக்கார வச்சிக்கினு, நான்தான் வாங்குனேன்னு வழி பூரா பொய் சொல்லிக்கினா வருவேன்? அதுக்கு பஸ்ஸு போதும்."

பஸ்ஸில்தான் அழைத்து வந்தார். எப்படி இருந்தது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டே சொன்னார். தொடர் விடுமுறை நாள், பேருந்தில் கூட்டம் நெரிந்தது. ஜெயசித்ராவுக்கு மட்டும் பேருந்தின் முன்பக்கம், பெண்கள் வரிசையில் ஓர் இருக்கை கிடைத்தது. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இவர் பின்னால் நின்றார்.

"எட்டு சீட்டு தள்ளி ஒக்காந்திருந்துச்சு சார். பின்மண்டதான் தெரியுது. முடி கொட்டிப்போயி கெடந்துச்சு. மகாபலிபுரம் தாண்டினப்ப ஒருதரம் திரும்பிப் பாத்துச்சு. மரக்காணத்துல ஒருதரம் பாத்துச்சு. நான் கைய தூக்கிக் காட்டுனேன். கூட்டத்துல தெரிஞ்சிதோ இல்லியோ."

அப்புறம் நாற்பது நாள், எட்டுப் பேர் வீட்டில் ஒன்பதாவது ஆளாக. சொந்தக்காரர்கள் வந்தார்கள், பெட்டி காலியானது. ஜெயசித்ராவின் இடது மணிக்கட்டில் ஒரு தீய்ந்த தழும்பு இருந்ததாம். கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்றே நாட்கள் போயின. கேட்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் காபி கொண்டுவந்து நீட்டினார்கள். மே மாதம் நடுவில் மறுபடி பஸ்ஸேறி, மறுபடி விமானம்.

"இஸ்திரிப் பெட்டி பட்டிருக்கும்" என்றார் பஞ்சநாதன், நான் ஒன்றும் கேட்காமலேயே. சிறிது தூரம் போன பிறகு, "தானா பட்டுதா, யாராச்சும் வச்சாங்களான்னு தெரியல" என்றார். சிக்னல் தூரத்தில் சிவப்பானது. காலை எடுத்துவிட்டார். வண்டி தவழ்ந்தது.

ஜூலையில் எனக்கு மறுபடி ஒரு கார் தேவைப்பட்டது. கேட்டு வாங்கி ஒன்பதாம் நம்பரையே எடுத்தேன். வேலை முடிந்து திரும்பும் வழியில் மூலக்குளத்தில் ஒரு பங்கில் நிறுத்தி, இருப்பதற்கு மேல் இன்னும் பத்து லிட்டர் போடச் சொன்னேன். பெட்ரோல் போட்ட பெண், "சார், கம்பெனி வண்டியாச்சே, திருப்பி விடப் போறீங்களா? வீணாப் போயிடுமே" என்றாள். ஊரே அந்தக் கணக்கைப் படித்து வைத்திருக்கிறது.

மறுநாள் பதினொரு மணிக்கு பஞ்சநாதன் வந்தார். செருப்பைக் கழற்றித் தட்டி, செய்தித்தாள் மேல் வைத்தார். சாவியைச் செருகி ஒரு திருகு.

"ஏறு" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முள் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பைத் தாண்டியது, கால் பங்கைத் தாண்டியது, பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. ஆரஞ்சு விளக்கு எரியவில்லை.

"இன்னா சார், மறந்துட்டீங்களா?"

"இல்லை."

என்னைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பினார். இறக்கிவிடுவதற்காக ஜன்னல் பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. கண்ணாடி எதையும் இறக்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாக ஏசியைப் போட்டார். எட்டிக் கையை நீட்டி, இடது பக்கக் காற்றுத் துவாரத்தின் தகடுகளை விரலால் நிமிர்த்தி, காலியாக இருந்த பக்கத்து இருக்கையை நோக்கித் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு, குளிர் வருகிறதா என்று அந்த இருக்கையின் மேல் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகுதான் வண்டி தெருமுனை திரும்பியது.

அடுத்த முறை வாடகை வண்டியை விட்டு இறங்கும்போது முள்ளைப் பாருங்கள். இரண்டு லிட்டராவது விட்டுவிட்டு இறங்குங்கள்.